கதவைச் சாத்தினா நிக்கிற பொயிலர்

...குளிர் எண்டு எனக்கும் தெரியுது பிள்ளை, நான் என்ன மரக்கட்டையே? உந்தப் போர்வையைக் கழுத்துமட்டும் இழுத்து விடுங்கோ. வாயைத் திறவாதேங்கோ! முகத்துக்கு ஃபேஸ் பாக் பூசினாப் பிறகு கதைச்சா முகம் முழுக்கக் கோடு விழும். பேந்து கலியாண வீட்டில போய், ஷாமளா அன்ரியின்ர பார்லர் சரியில்லை எண்டு சொல்லுவியள். பேசாமப் படுத்திருங்கோ. கதைக்கிறதை நான் கதைக்கிறன்.

பொயிலர் நிண்டுபோச்சு, அவ்வளவுதான். நீங்கள் இண்டைக்குத்தானே முதல்முதல் வாறியள், தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் ஜக்கெற்றைக் கழட்டாமலே புருவம் எடுப்பிச்சுக்கொண்டு போறவை. உங்கட பக்கமெல்லாம் காஸ் லைன் கிடக்கு, பட்டனைத் தட்டினா வீடு சுடும். இது மெல்பேர்ன் எண்டது பேருக்குத்தான். மலையும் மழையும் பனிப்புகாரும். இஞ்சை காஸ் வராது. டீசல் பொயிலர். அந்தா, அந்த வெள்ளைக் கதவுக்குப் பின்னாலதான் துரை இருக்கிறார். அவருக்குள்ள டீசல் எரிஞ்சு, தண்ணி கொதிச்சு, அந்தத் தண்ணி பைப்புக்குள்ளால ஓடி வீட்டைச் சூடாக்குமாம். ஆக்குமாம்!

வீடு பாக்க வந்த அண்டு இவர் வீட்டையே பாத்தவர்? குசினியில ரெண்டுபேர் திரும்பேலாது, அதைப் பாக்கேல்ல. பொயிலரைக் கண்டிட்டார். "ஷாமளா, இது கப்பல்ல இருக்கிற சாமான் மாதிரியப்பா" எண்டு அதைத் தடவுறார். என்ர தலையை ஒருநாள் அப்பிடித் தடவியிருப்பாரே?

இவர் எண்டது என்ர மனிசன், ஈஸ்வரமூர்த்தி. கப்பல்ல எஞ்சினியரா இருந்தவர். சீவியத்தில பாதியைக் கடலில போக்கினவர். அதைச் சொல்லாம ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணி குடுக்கமாட்டார். இந்த வீட்டுக்கு ஒரு ப்ளம்பர் வந்ததில்லை, ஒரு எலக்ரீசியன் வந்ததில்லை. வர விட்டாத்தானே! "எனக்குக் கையில்லையோ?" எண்டு கேப்பார்.

இந்தக் குளிர்காலம் தொடங்கினது, பொயிலரும் தொடங்கிச்சு. எரியும், எரியும்... டக்கெண்டு நிக்கும். சிவப்பு லைட் வரும். இவர் போய்க் கதவைத் திறந்து சிவப்புப் பட்டனை அமத்துவார். எரியும். கையைத் துடைச்சுக்கொண்டு, வென்ற ஆள் மாதிரி வருவார். வந்து கதிரையில இருக்க, டக். திரும்ப எழும்புவார். அமத்துவார். டக். எனக்கு எரிச்சலோ எரிச்சல்.

டீசல் ஃபில்டராம், மாத்தினார். லைனுக்குள்ள காத்தாம், நட்டைக் கழட்டிக் காத்தெடுத்தார். என்ர நல்ல சருவச்சட்டியில டீசல்! பேந்து அதுக்குள்ள ஒரு கண் இருக்காம், நெருப்பு எரியுதோ இல்லையோ எண்டு பாக்கிற கண். அது மங்கிப்போச்சாம். முகம் துடைக்கிற என்ர பஞ்சை எடுத்துக்கொண்டு போய் அதைத் துடைக்கிறார். பொயிலருக்கு ஃபேஷியல்! முந்தி இவரோட கப்பல்ல வேலை செய்த நஜிமுதீன் எண்டு ஒருத்தர், இப்ப லிட்கம்மில இருக்கிறார். அவர் அங்கை சிட்னியில சோஃபாவில சாஞ்சுகொண்டு வீடியோவில வைத்தியம் பாக்கிறார். "மூர்த்தி, சத்தத்தைக் கேக்க விடு" எண்டுவார். இவர் ஃபோனைப் பொயிலருக்குக் கிட்டப் பிடிப்பார். ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேக்கிற மாதிரிக் கேப்பினம். உதுகளை எங்கை கொண்டுபோய்ச் சொல்ல?

இவருக்குத் தெரியாம நான் ஒரு வெள்ளையனையும் கூப்பிட்டுப் பாத்தனான். வந்தான், கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு பாத்தான். அவன் நிக்குமட்டும் பசுமாடு மாதிரி அடக்கமா எரிஞ்சுது. "ஒண்டும் பிழையில்லை, மேட்" எண்டிட்டுப் போயிட்டான். அவன்ர கார் ரோட்டுக்கு ஏறேல்ல... டக்!

இருங்கோ, காது ஓரத்தில கொஞ்சம் பூசேல்ல. ம்.

பேந்துதான் அந்தச் சாப்பாடு. மகன் ஆரூரன், மருமகள், அவளின்ர தாய் தேப்பன், எல்லாரும் மெல்பேர்னுக்கு அந்தப் பக்கம், வெரிபீயில இருந்து வந்தவை. வந்த சனம் ஜக்கெற்றோட மேசையில இருந்து விறைக்குது. இவர் சோத்தை விட்டுட்டு எழும்பி எழும்பிப் போய் அமத்துறார். சம்பந்தி மனிசன் பகிடியா, "மூர்த்தியண்ணை கப்பல்லயும் இப்பிடித்தானோ?" எண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தனானே? "இவர் எஞ்சின் பாத்த கப்பல் ஒண்டாவது கரைக்கு வந்ததோ எண்டு கேளுங்கோ" எண்டு சொல்லிப்போட்டன்.

எல்லாரும் சிரிச்சவை. இவரும் சிரிச்சவர். கையைக் கழுவிப்போட்டு வந்து, மிச்சச் சோத்தைச் சாப்பிட்டார். பின்னேரம் அவை வெளிக்கிடேக்க, "நானும் ரெண்டு நாள் பேரனோட நிண்டிட்டு வாறன்" எண்டு காரில ஏறிட்டார்.

டூல்பொக்ஸ் இல்லாம. பிள்ளை, அந்த மனிசன் கோயிலுக்குப் போறதெண்டாலும் காருக்குள்ள டூல்பொக்ஸ் இருக்கும்.

ரெண்டு நாள் எண்டது ரெண்டு கிழமையாப் போச்சு. நான் ஃபோன் எடுக்கேல்ல. நான் ஏன் எடுக்க? போனவர் அவர். மகன்தான் எடுத்தான். "அப்பா சத்தமில்லாம டீவி பாக்கிறார்" எண்டான். பாக்கட்டுமே எண்டன். "குசினிப் பைப் ஒழுகுதம்மா. அப்பாவிட்டைச் சொன்னன். ப்ளம்பரைக் கூப்பிடு தம்பி எண்டிட்டார்" எண்டான்.

ப்ளம்பரைக் கூப்பிடு எண்டவராம். இவர்.

...இல்லை, ஒண்டுமில்லை. இந்த பாக் மணம் எனக்கு மூக்கில ஏறும்.

இனிக் கேளுங்கோ. அதுக்குப் பிறகு ஒருநாள் பொயிலர் அறைக்குள்ள, என்ர துவாய் அலுமாரிக்குப் பின்னால எலி கறண்டுற சத்தம். அலுமாரியை இழுத்தன். சுவரில நிலத்தோட ரெண்டு ஓட்டை இருக்கு, கம்பிவலை போட்டது. வெளிக்காத்து அதுக்குள்ளால வந்து, கதவுக்குக் கீழால புகுந்து, இஞ்சை படுக்கிற ஆக்களின்ர காலில அடிக்கும். இந்த வருசம் குளிர் தொடங்க, பார்லர் திறந்த கையோட, பழைய கதிரை ஸ்பொஞ்சை வெட்டி அதுக்குள்ள இறுக்கி அடைச்சு, அலுமாரியை முன்னால தள்ளிவிட்டனான். மறந்தும் போனன். எலி அதைத்தான் கறண்டினது. பிடுங்கி எறிஞ்சன்.

அண்டைக்கு முழுக்கப் பொயிலர் எரிஞ்சுது! கதவைச் சாத்தினன், எரிஞ்சுது. ஸ்பொஞ்சைத் திரும்ப வைச்சுக் கதவைச் சாத்தினன். கொஞ்ச நேரத்தில டக். எடுத்தன், எரிஞ்சுது. நெருப்புக்கும் மூச்சுவிடக் காத்து வேணுமெல்லே! இவர் வேலை செய்யேக்கக் கதவு திறந்து கிடக்கும், எரியும். இவர் கையைத் துடைச்சுக்கொண்டு வந்த உடன, கஸ்டமருக்கு அந்த அசிங்கம் தெரியக்கூடாதெண்டு நான் போய்ச் சாத்துவன்.

ஓம், நான்தான். என்ன பார்வை? இவருக்குமெல்லே கண் இருக்கு? அலுமாரியை ஒருக்கா இழுத்துப் பாத்தா என்ன? "அது உன்ர சாமான்" எண்டு தொடமாட்டாராம். பெரிய மரியாதை!

ஃபோனில சொல்லியிருக்கலாம்தான். சொன்னா? மனிசி கண்டுபிடிச்சா, கப்பல்காரன் கண்டுபிடிக்கேல்ல எண்டு வரும். அந்த மனிசன் பேந்து ஒரு ஸ்பானரைத் தொடுமே?

அதுதான் இண்டைக்குக் காலமை ஸ்பொஞ்சைத் திரும்ப அடைச்சு, பொயிலரையும் நிப்பாட்டிப்போட்டு ஃபோன் எடுத்தன். "பொயிலர் முடிஞ்சுதாம். அதை இனி ஒருத்தராலும் திருத்தேலாதெண்டு ஒருத்தன் சொல்லிப்போட்டுப் போறான்" எண்டன். பச்சைப் பொய். கதிரையை விட்டு எழும்புற சத்தம் கேட்டுது. பேந்து, "எவனடி சொன்னவன்?" எண்டார். அந்த "எவன்" இருக்கே... பழைய எவன்.

அலுமாரியைக் கொஞ்சம் சரிச்சுத்தான் வைச்சிருக்கிறன். ஸ்பொஞ்சிலயும் ஒரு நுனி வெளியில தெரியுது. உதையும் காணாட்டி நான் என்ன செய்ய, அம்புக்குறி போட்டே விடுறது? உங்களை வரவேண்டாமெண்டு சொல்லியிருப்பன், நாளைக்குக் கலியாணமெண்டியள்...

கார்ச் சத்தம்! பிள்ளை, நீங்கள் ஒண்டும் கேக்கேல்ல, சரியோ?

ஆ, வந்திட்டியளே! பேரன் உங்களை வர விட்டவனோ? ...டூல்பொக்ஸோ? வைச்ச இடத்திலதான் கிடக்கு, எனக்கென்னத்துக்கு அது! பாத்துப் போங்கோ, கஸ்டமர் படுத்திருக்கிறா.

...உள்ள போயிட்டார். பட்டனை அமத்துறார். எரியுது. கதவைச் சாத்துறார்... இருங்கோ... நிண்டிட்டுது. திரும்பக் கதவைத் திறந்துபோட்டு இப்ப யோசிக்கிறார். யோசி, யோசி... அலுமாரி! அலுமாரியை இழுக்கிறார் பிள்ளை!

என்னப்பா? என்ன ஸ்பொஞ்ச்? ...ஐயோ, குளிர் அடிக்குதெண்டு நான்தான் வைச்சனான், அதுக்கும் பொயிலருக்கும் என்ன சம்பந்தம்? ...ஓமோம், நான் மூளையில்லாத மொக்குத்தான்! உங்களைக் கட்டினனான், மொக்கில்லாம?

பேசுறார். பேசட்டும், நல்லாப் பேசட்டும். ...நஜிமுதீனுக்கு எடுத்திட்டார். கேளுங்கோவன் சத்தத்தை: "காத்து மச்சான், காத்து! வந்து ஒரு நிமிஷத்தில பிடிச்சிட்டன்! பொம்பிளையளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" நாட்டுக்கே கேக்கும்.

இஞ்சேருங்கோ! கதவைச் சாத்திப்போட்டுக் கதையுங்கோ!