பின்சீட்டின் எடை

— கிடங்குக் கதவைச் சாத்திட்டு ஏறுங்க, கனகலிங்கம். காத்து இறக்கையைத் தூக்கினா தராசு பொய் சொல்லும்.

— சாத்தியாச்சு, சேஷாத்ரி. இந்தா, முன்சீட்டில ஏறீட்டன். ஏழு வருசமா என்ர கையால கட்டின விமானம், கனடாவில இந்த எட்மண்டன் காத்துக்கே இதைத் தூக்க ஆசையா இருக்குப் போல. மலர், பின்சீட்டில ஆடாமல் இரும்.

— நான் எங்க ஆடுறன்? குளிருதப்பா.

— இரண்டு ஸ்வெட்டர், மேல கோட்டு. இன்னும் குளிராம் என்ர மனுசிக்கு!

— கனகலிங்கம், நீங்க மட்டும் தனியா பறக்கற எடைக் கணக்கும் போட்டுடட்டுமா?

— தேவையில்லை. மலர் இல்லாமல் நான் ஏறமாட்டன்.

— சரி. மூணு சக்கரத்துக்கும் மூணு தராசு. கூட்டி, வெறும் விமானத்தோட எடையைக் கழிச்சா நீங்க சொன்ன உங்க ரெண்டு பேர் எடை மிஞ்சணும்... இல்லையே. பதினேழு கிலோ குறையுது.

— குறைஞ்சால் நல்லதுதானே?

— என்ன நல்லது? பின்னால எவ்வளவு பாரம்னு தெரியாம மேல போனா, மூக்கு கவிழும். ஆள் மிஞ்ச மாட்டான். ஏதோ ஒரு தராசு கெட்டுப்போச்சு.

— அந்த அரிசி மூட்டையைத் தூக்கி என்ர மடியில வையுங்கோ. என்ர கடையில நிறுத்துக் கட்டினது, இருபது கிலோ. பிழைக்காது.

— இருங்க... இருபதுதான் ஏறுது. தராசு சரியா இருக்கு. உங்க எடை?

— போன கிழமைதான் டொக்டர் நிறுத்துப் பாத்தவர். மலர், நீர் ஐம்பத்தெட்டு எண்டுதானே சொன்னனீர்?

— அது... போன வருசத்து எடை.

— கோட்டைக் கழட்டும்.

— குளிருது எண்டனான்.

— கழட்டும், மலர்! கையைக் காட்டும்... ஐயோ. காப்பு முழங்கை வரைக்கும் ஏறுது. என்னடி இது?

— வயித்துக்குள்ள கட்டி. மாசியிலயே டொக்டர்மார் சொல்லிப்போட்டினம். வெட்டி எடுக்க ஏலாதாம்.

— மாசியிலயோ? ஒரே வீட்டில இருக்கிறம், எனக்குத் தெரியேல்லையே!

— கடையால நேர இஞ்ச வந்திடுவியள். நான் படுத்தாப்பிறகுதானே வீட்ட வாறியள். எப்பிடித் தெரியும்?

— சொல்லியிருக்கலாமெல்லே, பாவி.

— சொன்னா இதைப் பூட்டிப்போட்டு என்ர கட்டிலடியில குந்தியிருப்பியள். எண்பத்திமூண்டு கலவரத்தில வீடு எரிஞ்சாப்பிறகு நீங்கள் சிரிச்சு நான் கண்டது இந்தக் கிடங்குக்குள்ள மட்டும்தான்.

— தங்கச்சி, இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாம்மா. கணக்கு எங்க ஓடிடப் போகுது.

— வேண்டாம், சேஷாத்ரி அண்ணை. நிப்பாட்டாதேங்கோ. கையைத் தாங்கோ, நான் இறங்கிறன்.

— மலர், எங்க போறீர்? இரும்! பின்சீட்டு உமக்கெண்டுதானே கட்டினது!

— ஓமப்பா, தெரியும். அண்ணை, இவர் வேண்டாமெண்டாரே, அந்தத் தனி ஆள் கணக்கை இப்பவே போடுங்கோ.