நானூறு வருஷத்து ஜன்னல்

"...வாசல்ல நின்னு குறிப்பெழுதினா குளிர் தெரியுமா ஆபீசரம்மா? உள்ள வாங்க. ஜன்னலாண்ட நில்லுங்க. ஆங்! இப்ப தெரியுதா? அது காத்து இல்ல, வரலாறு! நானூறு வருஷத்து வரலாறு சந்து வழியா வந்து என் பொண்டாட்டி நெஞ்சுல ஏறி ஒக்காந்திருக்கு. மூணு குளிர்காலமா இருமல். ஜன்னல மாத்திக்கறேன்னு மூணு மனு போட்டேன். மூணுக்கும் ஒரே பதில்: முதலாம் எலிசபெத் ராணி காலத்துது, தொடக்கூடாது!"

ஓய்வுபெற்ற தச்சர் வில்ஃப் ஹெப்டன்ஸ்டால் மூச்சு வாங்கினார். பழங்கட்டிடப் பாதுகாப்பு அதிகாரி மிஸ் லின்ஃபோர்டு வாய் திறக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"இருங்க, சொல்லிடறேன். இங்க தச்சு வேல பாத்ததுக்கு, ஆயுசுக்கும் இருந்துக்கோன்னு மாளிகையோட இந்தக் கெழக்குக் கட்டக் குடுத்தாங்க. திரிம்பிள்டன் மாளிகையோட ஜாதகமே எனக்குத் தெரியும். நடுக்கட்டு, கம்பளி வித்தவன் கட்டினது. பேரனுக்கு 'சர்' பட்டம் வந்ததும் தாத்தனோட செங்கல் வெக்கமாப் போச்சு. கோயில் மாதிரி கல்தூண் நட்டு மறைச்சான். பின்னால போய்ப் பாருங்க, அதே செங்கல்! முன்ன பட்டு, பின்ன கந்தல். எத்தன ஜன்னலோ அத்தன வரின்னு சட்டம் வந்துச்சா, அடுத்தவன் ஒம்போது ஜன்னல அடைச்சான். யாரு இருட்டுல கெடந்தது? வேலக்காரங்க! எசமான் அறையில ஒண்ணு கொறயலியே! அதுக்கடுத்தவன் கோபுரம் கட்டினான்... எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. கட்டினான், கட்டினான்னு உங்க புஸ்தகத்துல எழுதறீங்களே, அந்தச் சீமானுங்க கையில ஒரு கொப்புளமாவது வந்திருக்குமா?

கடிகாரத்தப் பாக்காதீங்க, விஷயத்துக்கு வந்துட்டேன். ரெண்டாம் உலகச் சண்ட சமயத்துல பட்டாளம் இங்க தங்குச்சு. மாடிப்படிக் கைப்பிடியும் இந்த ஜன்னலும் அடுப்புக்குப் போச்சு. அட, ஆமாங்கறேன்! எரிஞ்சு சாம்பலாச்சு!

அப்ப இது என்னவா? இது நான் செஞ்சது தாயி! ஐம்பத்தேழுல. எனக்குப் பத்தொம்பது வயசு. அப்ப எசமானா இருந்த கர்னலய்யா, டிக்கெட் போட்டு மாளிகையக் காட்டறதுக்குப் பழசா ஒண்ணு வேணும்னாரு. இடிஞ்ச தொழுவத்து ஓக் உத்தரத்த எடுத்து இழைச்சேன். சைக்கிள் சங்கிலியால அடிச்சேன், ஊசியால புழு ஓட்ட போட்டேன், வாளி டீயில குளிப்பாட்டினேன். உங்க ஆபீஸ்காரரு பூதக்கண்ணாடியோட வந்து, 'ஆகா, இப்படிக் கை இனிப் பொறக்காது'ன்னாரு. நான் பக்கத்துலயே பசைச்சட்டியோட நிக்கறேன்! அப்பவே சொல்லியிருக்கலாம்... சொல்லல. அம்பது வருஷமா நெனச்சு நெனச்சு சிரிச்சேன்.

நம்பலயா? பொறுங்க."

உளியை எடுத்தார். ஜன்னலின் அடிப்பலகையை ஒரே நெம்பு நெம்பினார்.

"எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேல முடிஞ்சா எசமானுக்குத் தெரியாம பேரெழுதி உள்ள வெச்சு மூடிடுவோம். அவன் பேரு வாசல்ல, எங்க பேரு மரத்தோட வயித்துல. இந்தாங்க, இந்தத் தாளப் பாருங்க! அஞ்சு பேர் கையெழுத்து. திருப்புங்க. நாங்க அடிச்ச வேலைநிறுத்த நோட்டீஸ். 'மழை நாளுக்கும் கூலி கொடு!' கடைசி வரி நான் எழுதினது. போதுமா சாட்சி? இப்ப எழுதுங்க: போலி, மாத்திக்கலாம்."

மிஸ் லின்ஃபோர்டு கையுறையை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினாள். அவள் கண்கள் பளபளத்தன. எழுதினாள், பக்கம் புரட்டி மறுபடி எழுதினாள்.

"என்ன, எழுதிக்கிட்டே போறீங்க? போலின்னா ரெண்டே எழுத்துதானே... என்னது? தொழிலாளி கையெழுத்தோட கெடச்ச மொத ஜன்னலா? சர்தான்... என் பேரு புஸ்தகத்துல வருமா? முழுப் பேரும்? அட! கர்னலுக்கு மேலயா, கீழயா?... மேலயா! பலே! சரி, அப்ப புதுக் கண்ணாடி எப்ப போடலாம்?... என்னது? இனி ஆணியக்கூடத் தொடக்கூடாதா? பலகைய நெம்பினதுக்கு விளக்கம் வேற எழுதணுமா? ஆபீசரம்மா! எங்க போறீங்க? ஏய், தாயி!"

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த அறையில் இருமல் தொடங்கியது.

"மேவிஸு, இன்னொரு கம்பளிய இழுத்துப் போத்திக்கடி," என்றார் வில்ஃப், பெயர்ந்த பலகையைக் காலால் சந்தோடு அழுத்திக்கொண்டு. "நாம சரித்திரத்துல ஏறிட்டோம்."