ஆரஞ்சு உரித்த கை

தட்டில் இருக்கும் காயை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும், மேடம். அதற்குப் பிறகு பருப்போ முட்டையோ, கடைசியாகச் சோறு. அதே சாப்பாடுதான், அதே அளவுதான். வரிசையை மாற்றினாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைந்துவிடும். காயின் நார் குடலில் ஒரு வலை மாதிரி விரிந்து நிற்கும், பின்னால் வருகிற சோறு அதைத் தாண்டி மெதுவாகத்தான் உள்ளே போக முடியும். உங்கள் டப்பாவில் சோற்றை முதலில் காலி செய்துவிட்டுக் காயை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால் சொன்னேன். இத்தனை வருஷம் அறிவியல் பாடம் நடத்திய வாய், சும்மா இருக்காது.

என் தம்பியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். உள்ளே ஒரு ஆணி. காலுறை முழுக்க ரத்தம். காலையிலிருந்து அந்த ஆணியின் மேலேயே நடந்திருக்கிறார். "வலிக்கலையாப்பா?" என்று கேட்டேன். "எது வலிக்கணும்?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிறகு விரல் போனது, பாதம் போனது, கடைசியில் அவரும் போனார். அம்மா அதற்கு முன்பே இல்லை. தம்பி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் என் கண் அவன் முகத்துக்குப் போகாது, பாதத்துக்குத்தான் போகும்.

அவனுக்கும் சர்க்கரை என்று டாக்டர் சொன்னபோது அவன் சிரித்தான். நான் குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தேன்.

ஆனால் நான் பயந்துகொண்டு மூலையில் உட்காருகிற ஆள் இல்லை. ஒரு விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதைக் கையாளலாம். சாப்பாட்டு வரிசையை மாற்றினேன். சாப்பிட்டதும் அவனை நடக்க வைத்தேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இன்சுலினுக்காகக் காத்துக்கொண்டிருக்காது, தானாகவே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். நேரத்துக்குத் தூக்கம். டீயில் சர்க்கரை இல்லை. கொஞ்ச நாளிலேயே எண்கள் இறங்கின. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். "உங்க அக்காவை என் கிளினிக்ல வேலைக்கு வெச்சுக்கலாம் போலிருக்கே" என்றார்.

சர்க்கரை அளவைப் பார்க்க விரலில் குத்துகிற வேலை என்னுடையது. தம்பி ஒரு கோட் கடையில் கட்டிங் மாஸ்டர். நாளெல்லாம் ஊசிக்கும் கத்தரிக்கும் நடுவில் இருக்கிறவன், தன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வான். நான் அவன் விரலை என் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, பக்கவாட்டில் குத்தி, மெதுவாக அழுத்தி எடுப்பேன். நுனியில் குத்தினால் துணியைத் தொட்டுப் பார்க்கிற உணர்ச்சி போய்விடும். அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் கடையில் அவனுக்கு டேப் என்றே பெயர். பட்டன் தைக்க அங்கே ஒரு பெண் சேர்ந்தாள். அவளுக்குப் பட்டன். "டேப்பும் பட்டனும் இப்படிப் பேசிட்டே இருந்தா கோட்டை யாருய்யா தைக்கிறது?" என்று முதலாளி கேட்பாராம். தம்பி வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்தேன்.

ஒரு காலையில் நான் அவனுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்னான், "அக்கா, நானும் பட்டனும் ஒரு வீடு பார்த்திருக்கோம். இன்னைக்கு முன்பணம் கொடுக்கப் போறோம். நீ கோவிச்சுக்கக் கூடாது. இனிமே நானே எல்லாம் பார்த்துக்குவேன்."

"நல்லதுடா" என்றேன். வழக்கம்போல விரலை நீட்டினான். நான் கையைக் கழுவவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, மேடம். மனசு எங்கேயோ இருந்தது. அவன் விரலைப் பிடித்து அழுத்தினேன், குத்தினேன், சொட்டை எடுத்தேன். கருவியில் வந்த எண்ணை இரண்டு பேரும் பார்த்தோம். அவன் ஆரம்பத்தில் டாக்டரிடம் போனபோதுகூட அவ்வளவு இல்லை.

அவன் முகம் வெளுத்துப்போனது. உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளுக்குப் போன் போட்டு, "இப்ப வேணாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்றான்.

பாத்திரம் கழுவும்போதுதான் என் விரலில் ஆரஞ்சு வாசனை வந்தது. உடனே புரிந்தது. ரத்தச் சொட்டை வைத்துக் கருவியில் செருகுகிற பட்டையில் ஒரு நொதி தடவியிருக்கும். சர்க்கரையோடு அது வினைபுரியும்போது மிகமிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். கருவி அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. ரத்தத்துக்குள் இருந்த சர்க்கரையா, தோலில் ஒட்டிய பழச்சாறா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கூடத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போனேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அக்கா" என்றான். நான் அவனுக்குச் சர்க்கரை இல்லாத டீ போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு தினமும் செய்யவில்லை. வீட்டைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும். பயம் ஒரு நல்ல பழக்கம், மேடம். பயந்தவன் ஒழுங்காக நடப்பான், ஒழுங்காகச் சாப்பிடுவான். எங்கள் அப்பா பயப்படவில்லை.

டாக்டர் எண்களைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார். திரும்பவும் கூட்டினார். தம்பி இளைத்தான். ஒரு நாள் நல்ல துணியைக் கோணலாக வெட்டிவிட்டான். பட்டன் வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, மத்தியானமானா அவருக்குக் கை நடுங்குது, சட்டை நனையுற அளவுக்கு வேர்க்குது. நேத்து என்கிட்ட இருந்த மிட்டாயைக் கொடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சுட்டார். இது சர்க்கரை கூடினதா, குறைஞ்சதா?"

கெட்டிக்காரப் பெண். அவளை உட்கார வைத்து நிதானமாக விளக்கினேன். சர்க்கரை அதிகமாகவே இருந்து பழகிய உடம்புக்கு, சரியான அளவுக்கு இறங்கினால்கூடக் குறைந்துபோன மாதிரி நடுக்கம் வரும். அது பொய்ப் பசி, அதற்கு மிட்டாய் கொடுத்தால் பழையபடி ஏறிவிடும் என்றேன். நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அப்படி நடப்பது உண்டு. அவனுக்கு நடந்தது அது இல்லை, அவ்வளவுதான். தம்பி அன்றைக்கே சட்டைப் பையிலிருந்த மிட்டாய்களை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டான். நான் அவற்றை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் விடவில்லை. மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார், நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது அருமையான பரிசோதனை. ரத்தச் சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டிக்கொண்டால், அந்த அணு சாகும் வரைக்கும் விடாது. ரத்தமே ஞாபகம் வைத்திருக்கிறது. அதை ஆரஞ்சு ஏமாற்ற முடியாது.

அன்று காலையில் மாத்திரையைக் கொடுத்தேன். "டெஸ்டுக்கு வெறும் வயித்துல போகணும்" என்றேன். அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. எனக்குத் தெரியும். கொஞ்சம் தலைசுற்றினால் திரும்பிப் படுத்துக்கொள்வான், பரிசோதனை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன். "நடந்தே போவோம், எண் கொஞ்சம் இறங்கும்" என்றும் சொன்னேன்.

மாடிப்படியின் கீழே வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வேர்வை சொட்டியது. "அக்கா, ஏதாவது இனிப்பு குடு."

"டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்டா" என்றேன். கருவி எப்போதும் பையில் இருக்கும். அன்று காலை நான் ஆரஞ்சு உரித்திருந்தேன். கை கழுவவில்லை. எண் வந்தது. அவனிடம் காட்டினேன். அவன் அதைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது. நீட்டிய கையை அவனே இழுத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கக்கா" என்றான். இனிப்பு கேட்டதற்காக.

தெருமுனையில், மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தான். பல் கிட்டிக்கொண்டது. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

நேற்றிலிருந்து இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்து நீங்கள் கேட்பது, அவன் விழுந்ததற்கும் ஆம்புலன்ஸ் வந்ததற்கும் நடுவில் இருக்கிற நேரத்தைப் பற்றித்தான். சொல்கிறேன். மூளைக்குச் சர்க்கரையைச் சேமித்து வைக்கத் தெரியாது, மேடம். ஈரலும் தசையும் சேர்த்து வைக்கும், மூளை அன்றாடங்காய்ச்சி. வரவு நின்றால் முதலில் நடுக்கம், பிறகு குழப்பம், பிறகு மயக்கம், அதன் பிறகு அணுக்கள் சாக ஆரம்பிக்கும். இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவன் தலை என் மடியில் இருந்தது. கைப்பை என் தோளில் இருந்தது. உள்ளே அவனுடைய மிட்டாய்கள். பொடித்து ஈறில் தடவியிருக்கலாம். ஆனால் அவன் அதில் தெளிந்து எழுந்துவிட்டால், நான் காட்டிய எண் பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஆம்புலன்ஸ்காரர், "சர்க்கரை இருக்கா? கடைசியா எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். "ரொம்ப அதிகம்" என்றேன். அவர் தம்பியின் விரலை எடுத்தார், மூக்குக்கிட்டே கொண்டுபோனார். "என்னம்மா, ஆரஞ்சு வாசனை அடிக்குது?" என்றார். தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினார். அவருடைய கருவியில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் கீழே.

அவன் இனி கண் திறக்க மாட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பட்டன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என்னை உள்ளே விடவில்லை. குழாய் வழியாகத்தான் சாப்பாடு, அதனால் அளவு சரியாக இருக்கும், அதில் எனக்குக் கவலை இல்லை. நீங்கள் அங்கே போனால் எனக்காக ஒன்று மட்டும் சொல்லுங்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போது அவன் பாதத்தை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வலித்தால் அவனுக்குச் சொல்லத் தெரியாது, நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.