முந்நூறு வருஷத்து நிலவறை

மலையில் வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் ஜன்னலைத்தான் திறக்கிறார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பவர் நூற்றில் ஒருவர். எதிரே மலை தெரிந்துவிட்டால் தலைகால் புரியாது. கூரை ஒழுகுவதைக் காட்டினாலும் "பரவாயில்ல, அழகா இருக்கு" என்பார்கள். ஜன்னலுக்கு அடுத்தபடியாக அவர்களுக்கு வேண்டியது ஒரு கதை. அதைக் கொடுப்பது என் வேலை.

இருபத்தாறு வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். பிள்ளைகள் தூங்கினார்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுத் தரகர் வந்து, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் நாலு பக்கத்தில் வரலாறு எழுதித் தரச் சொன்னார். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர். ஊரில் அவருக்குப் பெயரே ஆமாஞ்சாமி. முதல் மூன்று வீடுகளுக்குப் பழைய பத்திரங்களைப் புரட்டி உண்மையை எழுதினேன். ஒருவரும் இரண்டாம் பக்கத்துக்குப் போகவில்லை. நாலாவது வீட்டில், காயம்பட்ட தளபதி ஒருவர் இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதினார் என்று ஒரு வரி சேர்த்தேன். வாங்க வந்தவர் அதே படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். இதை நீங்கள் பொய் என்று எழுதிக்கொள்ளலாம். கொஞ்சம் கண் காது மூக்கு வைத்தேன், அவ்வளவுதான்.

சரிவுத் தெருவின் கடைசி வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, சமையலறையிலிருந்து கீழே இறங்கினால் ஒரு நிலவறை. அந்த நிலவறைக்கு எழுதியதுதான் நான் எழுதியதிலேயே சிறந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஊர் எரிந்த குளிர்காலத்தில், பதினோரு பேர் அங்கே மூச்சை அடக்கி ஒளிந்திருந்தார்கள் என்று எழுதினேன். அவர்களில் மூன்று பேர் குழந்தைகள்.

வாங்க வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. கணவரும் கூட வந்திருந்தார், பெட்டி தூக்க. அந்த அம்மா என் நாலு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். "குழந்தைங்க எந்த மூலையில இருந்தாங்க?" என்று கேட்டார். நான் இடப்பக்கத்து மூலையைக் காட்டினேன். அங்கேயே நின்று அழுதார். இருபத்தாறு வருஷத்தில் என் பாடத்துக்காக ஒரு துளிக் கண்ணீரை நான் பார்த்ததில்லை.

அந்த மூலையில் ஓதம் ஏறியிருந்தது. பத்திரம் பதிவதற்கு முன் அதைச் சரிசெய்துவிடலாம் என்று ஆமாஞ்சாமி கொத்தனாரை வரச் சொன்னார். கொத்தனார் அடிவார ஊர்க்காரர். அவர் மகள் என்னிடம் படித்தவள், அதனால் அவருக்கும் நான் டீச்சர்தான். வீட்டுச் சாவிக்கொத்து என்னிடம் இருந்தது. காலை பதினோரு மணிக்குத் திறந்துவிட்டேன். அவர் பையோடு கீழே இறங்கினார். மேசை மேல் இருந்த என் பக்கங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கியதும் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன டீச்சர், முந்நூறு வருஷம்னு போட்டிருக்கீங்க? முப்பத்திரண்டு வருஷம்தான் ஆச்சு. நான் கட்டினது. உருளைக்கிழங்கு போட்டு வைக்கணும்னு பழைய ஓனர் கேட்டாரு."

"கல்லெல்லாம் பழசா இருக்கே?"

"இடிஞ்ச மாட்டுக்கொட்டாய்க் கல்லு. எவன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இங்க பாருங்க." கரணையின் நுனியால் இரண்டு கல்லுக்கு நடுவே சுரண்டினார். சாம்பல் நிறத்தில் சிமெண்ட் உதிர்ந்தது. "ரெண்டடிச் சுவரு. உள்ள போன்கூட எடுக்காது, வெடி வெடிச்சாலும் வெளிய கேக்காது. நாளைக்கு அந்த டாக்டரம்மா வராங்கல்ல, சொல்லிடறேன். கேட்டா அவங்களும் சிரிப்பாங்க."

சொல்ல வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். தன்மையாகத்தான் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம் டீச்சர். இது என் கை வேலைன்னு ஒருத்தர்கிட்டயாவது நான் சொல்லிக்க வேணாமா?" என்றார்.

அந்த அம்மா அழுத மூலை அவருக்கு உருளைக்கிழங்கு மூலை. வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வெறுப்பு வந்தது. அவர் சொல்வது உண்மை என்பதற்காக இல்லை. உண்மையை வைத்துக்கொண்டு சிரித்தாரே, அதற்காக. ஓதத்தைப் பார்க்க அவர் மூலையில் குனிந்தபோது நான் மேலே ஏறி வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

"டீச்சர், காத்துல கதவு சாத்திக்கிச்சு போல" என்றார் உள்ளிருந்து. கதவில் காதை வைத்தால்தான் கேட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். பிற்பகலில் மழை பிடித்து, மலைப்பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. டாக்டர் அம்மா போன் செய்து, பாதை திறந்ததும்தான் வர முடியும் என்றார். அவசரப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் குரலில் அந்த வீட்டின் மேல் அத்தனை ஆசை இருந்தது. அதை உடைக்க யாருக்கு மனசு வரும்?

தினமும் காலையில் போய்ச் சமையலறையைப் பெருக்கிவிட்டுக் கதவருகே சற்று நேரம் நிற்பேன். இரண்டாம் நாள் தண்ணீர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் வீணாக நம்பிக்கை வரும். நான் கொடுமைக்காரி இல்லை. மூன்றாம் நாள், "டீச்சர், நீங்க எழுதினதே நெசம்னு சொல்லிடறேன். நான் கட்டவே இல்ல" என்றார். அதை நான் யோசித்துத்தான் பார்த்தேன். ஆனால் பயத்தில் சொல்கிற சாட்சியத்துக்கு வரலாற்றில் மதிப்பு கிடையாது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

நாலாம் நாள் அவர் மகள் நடந்தே மேலே வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு. சமையலறையில், நிலவறைக் கதவுக்கு நாலடி தள்ளி நின்றாள்.

"அப்பா இங்கதானே வந்தாரு டீச்சர்? போன் போகவே மாட்டேங்குது."

"வந்தாரும்மா. அன்னைக்கு மத்தியானமே கிளம்பிட்டாரே."

"மழையிலயா?"

"சொன்னேன், கேக்கல."

அவள் அழுதாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அப்போது கீழே அவர் தட்டிக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. மண் சரிந்த இடத்தில் தேடிப் பார்க்கும்படி அவளிடம் சொன்னதும் நான்தான். அடிவாரத்து ஆண்கள் மூன்று நாள் அந்தச் சேற்றைத் தோண்டினார்கள். என் வீட்டு மண்வெட்டியையும் கொடுத்தனுப்பினேன்.

ஐந்தாம் நாள் நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஏதோ கேட்டது. ஆறாம் நாள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாளும் விட்டுவைத்தேன். அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எட்டாம் நாள் பாதை திறந்தது. டாக்டர் அம்மாவை நான் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. தரகரிடம் இருந்த இன்னொரு சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் நேராக நிலவறைக்குப் போயிருக்கிறார். அவருக்குப் பிடித்த இடமாயிற்றே. தெருவில் அவர் அலறிக்கொண்டு ஓடியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வீட்டை வாங்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையான வருத்தம் அது ஒன்றுதான். அவருக்காகத்தானே எல்லாம் செய்தேன்?

நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். கதவைப் பூட்டியது நான். ஏழு நாள் திறக்காமல் இருந்தது நான். அவர் செத்துப்போவார் என்று தெரிந்தே செய்தேன். இதிலெல்லாம் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். மூன்றாவது வரியில் மட்டும், "இறந்தவர் தானே கட்டிய நிலவறையில்" என்று இருக்கிறது. அது தவறான தகவல். முந்நூறு வருஷத்து நிலவறை என்று திருத்துங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.