ரெண்டாவது சீசன் அவ்ளோ மோசமில்ல

இல்ல சார், எந்திரிக்காதீங்க. உக்காருங்க. நான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வரல, இந்த வாரம் என் முறை இல்ல, எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டடத்துல ஒரு லிஃப்ட் வேலை. முடிஞ்சுது. சரி, பாப்பா நீச்சலடிக்கறதை ஒரு ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போலாமேன்னு ஏறி வந்தேன். உங்களைப் பாப்பேன்னு நெனச்சேன். உங்க வீட்டம்மா, அதான் அவங்கம்மா, வந்திருந்தா அப்படியே திரும்பியிருப்பேன்.

தரையெல்லாம் ஈரம், பாத்து. அந்த மருந்து வாசனை ஒத்துக்குமா உங்களுக்கு? எனக்குக் கண்ணு எரியும். அதோ, அந்தக் கோடிலேர்ந்து ரெண்டாவது. எல்லாருக்கும் ஒரே நீலத் தொப்பிதான், ஆனா அவ சுவத்தைத் தொட்டுத் திரும்பறப்ப கொஞ்சம் கோணலாத் திரும்புவா. என்னை மாதிரி. நான் நடந்தாலும் கோணல்தான்.

அப்புறம், நீங்க பேய் சீரிஸ் எல்லாம் பாப்பீங்களா?

பாக்கறதே இல்லையா. சரி. சும்மா கேட்டேன். இப்ப ஒண்ணு ஓடுதே, தையக்காரி கதை, ரெண்டாவது சீசன் வந்துருக்கு, எங்க கம்பெனில சாப்பாட்டு நேரத்துல வேற பேச்சே இல்ல. பாக்கப் போறவங்ககிட்ட கதையைச் சொல்லக் கூடாது. நீங்கதான் பாக்கறதில்லையே, சொல்றேன் கேளுங்க. அவ குளிச்சுட்டு வர நேரமாகும், தெரியும்ல.

முதல் சீசன் இருக்கே, அது வேற ரகம் சார். ஒரு வீடு. மாடில பூட்டின ரூமு. உள்ள தையல் மெஷின் ஓடற சத்தம். காலைல கதவுக்கு வெளிய ஒரு புதுச் சட்டை மடிச்சு வெச்சிருக்கும். வீட்ல யாரோ ஒருத்தருக்கு அளவு எடுத்த மாதிரி இருக்கும். அது யாருக்குச் சரியா இருக்கோ, அடுத்த நாள் அந்த ஆள் இல்ல. அவ்ளோதான் கதை. கடைசி வரைக்கும் பேயோட மூஞ்சியைக் காட்டவே இல்ல. அதுல இருக்கு பாருங்க பயம்.

நானும் பாப்பாவும்தான் பாத்தோம். எங்க வீட்ல பேய் மத்தியானம்தான் வரும். சாயங்காலம் அவளை உங்க வீட்ல கொண்டு வந்து விடணும்ல, ராத்திரிக்கு எங்க போறது. சாப்பிட்டவுடனே ஜன்னல் திரையை இழுத்துவிடுவோம். ஓரத்துல வெளிச்சம் வந்தா அவளுக்குப் பிடிக்காது, துண்டை மடிச்சுச் சொருகணும். வெளிய பசங்க விளையாடற சத்தம் கேக்கும், உள்ள நாங்க நடுங்கிட்டு உக்காந்திருப்போம். ஒரு தடவை வந்தா ஒரு எபிசோட். இன்னும் ஒண்ணுப்பா, இன்னும் ஒண்ணுப்பான்னு கெஞ்சுவா. நான் விட மாட்டேன். கஞ்சப்பயன்னு திட்டுவா. இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு பாத்தாத்தான் அடுத்த தடவை வர்ற வரைக்கும் மனசுல ஓடிட்டே இருக்கும். வரணும்னு இருக்கும். வளர்ற பொண்ணு சார். அப்பா வீட்டுக்கு வர்றதுக்கு ஏதாவது ஒண்ணு வேணாமா?

நீங்க கேக்கலாம், அப்பாவே போதாதான்னு. கேக்கல, சரி. கேட்டிருந்தாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

ரெண்டாவது சீசன் வரப் போகுதுன்னு முதல்ல எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னதே அவதான். அப்பா, இந்தத் தடவை பேய் லிஃப்டுக்குள்ளப்பா, உங்க தொழிலுக்கே வந்துடுச்சுப்பான்னு ஒரே சிரிப்பு. எனக்கு என்னமோ அது எங்க ரெண்டு பேருக்காகவே எடுத்த மாதிரி இருந்துச்சு. வந்த அன்னைக்கே கம்பெனில எல்லாரும் விடிய விடியப் பாத்து முடிச்சுட்டு வந்து நிக்கறாங்க. எவனாவது வாயைத் திறந்தீங்க, அவ்ளோதான்னு சொல்லிட்டேன். நான் தொடல. அவ வரட்டும்னு வெச்சிருந்தேன். அவளுக்கோ ஒரு தடவை பரீட்சை, அடுத்த தடவை ஜுரம். நீங்கதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களாம். நல்லது.

அப்புறம் வந்தா. வர்றப்பல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தோம்.

குறைன்னு சொல்லணும்னா எத்தனையோ இருக்கு சார். முதல் எபிசோட்லயே பேயோட மூஞ்சியைக் காட்டிட்டான். காட்டினப்புறம் என்ன இருக்கு, பாவம், தூக்கம் இல்லாத பொம்பளை மாதிரி இருக்கு. அப்புறம் அந்த மியூசிக்கு. இப்ப பயப்படு, இப்ப பயப்படுன்னு பின்னாலேர்ந்து பிடிச்சுத் தள்ளுது. நடுவுல வாட்ச்மேனுக்கு ஒரு காதல், யாரு கேட்டா? லிஃப்டையாவது ஒழுங்காக் காட்டினானா, கயிறு அறுந்தவுடனே கல்லு மாதிரி விழுது. அப்படி விழாதும்மா, பிரேக் பிடிச்சுக்கும்னு சொன்னேன். அதுக்கு பாப்பா சொல்றா, பேய் வர்றதை நம்புவீங்க, லிஃப்ட் விழறதை நம்ப மாட்டீங்களாப்பா. 

ஆனா நாலாவது எபிசோட்ல ஒரு சீன் இருக்கு. அதை மட்டும் எவனும் குறை சொல்ல முடியாது. ஒருத்தன் ஆஃபீஸ் முடிஞ்சு லிஃப்ட்ல தனியா வர்றான். சுத்திக் கண்ணாடி. மியூசிக் இல்ல, ஒண்ணும் இல்ல. ஷூ லேஸ் அவுந்திருக்கு, குனிஞ்சு கட்டறான். கேமரா அவன் கூடக் குனியாம அப்படியே மேல நிக்குது. கண்ணாடில பாத்தா அவன் குனியல. நேரா நின்னுக்கிட்டு, கீழ குனிஞ்சிருக்கற இவனைப் பாத்துட்டிருக்கான்.

சொல்றப்பவே கை பாருங்க, புல்லரிக்குது.

அந்த சீன்லதான் சார் எனக்கு விஷயம் புரிஞ்சுது. லிஃப்ட் கதவு அப்பத்தான் மூடுது, இன்னும் ஒண்ணுமே ஆகல. பாப்பா என் கைல இருந்த டீயை மெதுவா வாங்கிக் கீழ வெச்சா. சூடா இருக்குப்பா, ஆறட்டும்னா. அது எப்பவோ ஆறிப் போச்சு. எவ்ளோ அக்கறைன்னு நெனச்சேன். அப்புறம் அந்தக் கண்ணாடி வந்துச்சு. நான் துள்ளின துள்ளுல முட்டி போய் மேஜைல இடிச்சுது. அவளும் ஐயோன்னு கத்தினா. கத்தினா, ஆனா எனக்கப்புறம் கத்தினா. கத்தறப்ப டிவியைப் பாக்கல. என் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தா.

ஒண்ணும் காட்டிக்கல நான். நல்ல சீன்லன்னேன். சூப்பர்ப்பான்னா.

அதுக்கப்புறம் எனக்கு டிவில என்ன ஓடுச்சுன்னே தெரியல. இவளைத்தான் பாத்துட்டிருந்தேன். எல்லா இடத்துலயும் சரியாப் பயந்தா. இந்தச் சின்ன வயசுல எவ்ளோ நல்லா நடிக்கறா தெரியுமா? அந்தப் பேயா நடிச்ச பொம்பளையைவிட நல்லா நடிக்கறா.

ஃப்ரெண்டுங்க கூடப் பாத்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா. அதுல மறைக்க என்ன இருக்கு. அவங்கம்மாவுக்கு இடி இடிச்சாலே ஆகாது, ரூமை விட்டே போய்டுவாங்க. அது இன்னும் மாறியிருக்காதுன்னு நெனைக்கறேன்.

பரவால்ல சார். தலையை நிமித்துங்க. பாக்கறதில்லன்னு சொல்லச் சொன்னது அவதானே? தெரியும். உங்க எடத்துல இருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஜுரத்துல படுத்திருந்தா, போரடிக்குதுன்னு கேட்டிருப்பா, நீங்க போட்டு விட்டிருப்பீங்க. வேற என்ன பண்ணுவீங்க. நீங்க கெட்டவரா இருந்தா எனக்கு எவ்ளோ சுலபமா இருக்கும்.

நேத்து ஒரு வேலை. ஹோட்டல் லிஃப்ட், சுத்திலும் கண்ணாடி. டூல்ஸ் பையைத் திறக்கக் குனிஞ்சேன். யாருக்கா இருந்தாலும் அந்தப் பேய் ஞாபகம் வரணும்ல. எனக்கு உங்க வீட்டு சோஃபா ஞாபகம் வந்துச்சு சார். நான் அதைப் பாத்ததுகூட இல்ல. வாசலோட திரும்பிடுவேனே. என்ன கலர் அது? பச்சையா. நான் பழுப்புன்னு வெச்சிருந்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதுக்காகத்தான் வந்தேன்னு வெச்சுக்கங்களேன், லிஃப்ட் வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தக் கண்ணாடி சீன் வந்தப்ப அவ என்ன பண்ணா? உங்க வீட்ல பாத்தப்ப. அதுதானே முதல் தடவை. நெஜமாப் பயந்தது அங்கதானே. எனக்கு வந்தது அதோட நகல்.

யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல.

ம்.

போர்வையை இழுத்து மூடிக்கிட்டாளா. சரி. அப்புறம்?

சிரிச்சாளா?

பயந்துட்டா சிரிச்சா? எவ்ளோ நேரம்? கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கா.

எங்கிட்ட அவ அப்படிச் சிரிச்சதில்ல சார். கையைப் பிடிச்சுக்குவா, கண்ணை மூடிக்குவா. பயந்துட்டு சிரிக்கவே மாட்டா. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.

இல்லல்ல, சொன்னதுக்கு நன்றி. நீங்க பொய் சொல்லியிருக்கலாம். கத்தி அழுதா, அப்பா வேணும்னான்னு சொல்லியிருக்கலாம். நான் நம்பிட்டுப் போயிருப்பேன்.

அடுத்த வாரம் கடைசி எபிசோட் பாக்கறதா இருக்கு நாங்க. நான் முந்தாநாளே தனியா உக்காந்து பாத்து முடிச்சுட்டேன். நான் மட்டும் துள்ளிட்டு, அவ என் மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருந்தா என்னால தாங்க முடியாது. இனி ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி பயப்படுவோம். முடிவு நல்லாத்தான் எடுத்திருக்கான். ஒத்துக்கறேன், ரெண்டாவது சீசன் அவ்ளோ மோசமில்ல.

வெளிய வந்துட்டா பாருங்க, தொப்பியைக் கழட்டறா. நான் இந்தப் பக்கப் படில இறங்கிக்கறேன். நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லாதீங்க. ஏற்கெனவே ஒண்ணை மறைக்கச் சொல்லி உங்ககிட்ட குடுத்து வெச்சிருக்கா. இதையும் அது கூடவே வெச்சுக்கங்க.