ஹியூபேட்டின் சனிக்கிழமைப் பயணங்கள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரியைக் கையில் தந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். என் கூட்டாளி பேதுருவின் மச்சான் ஹியூபேட்டுக்கு நடந்தது. சம்பந்தப்பட்டவனே தன் கைப்பட எழுதி நேராக எனக்குத் தந்தது. இடையில் வேறு ஆள் இல்லை. பௌஸி, அந்த லாம்புத் திரியைக் கொஞ்சம் இறக்கு... போதும். முற்றாக அணைத்துவிடாதே.

இரவு எட்டு மணி இருக்கும். சிலாபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். ரயில் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. முன்னால், கடல் உள்ளே வந்து தேங்கிய களப்போரமாக ஒரு மணல் ரோட்டு. இரண்டு பக்கமும் தாழம்புதர். தூரத்தில் ஒரேயொரு வெளிச்சம். சப்பாத்து மணலை அரைத்தது... கிறீச்... கிறீச்... ஹியூபேட் நின்றான். சத்தமும் நின்றது. ஆனால் கொஞ்சம் பிந்தி நின்றது.

அவன் பயந்தானா? இல்லை. செத்த வீட்டுக்குப் போகிறவன். எத்தனையோ செத்த வீடு பார்த்தவன். அதிலும் எல்லாம் முன்பின் தெரியாதவர்களின் வீடு.

ஏன் என்றுதானே முழிக்கிறீர்கள்?

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். கொட்டாஞ்சேனையில் பேதுருவின் வீடு இரண்டு அறை. பேதுரு, அவன் மனைவி மேபல், வரிசையாகப் பிள்ளைகள். மேபலின் தம்பி ஹியூபேட்டுக்கு விறாந்தையில் ஒரு கான்வாஸ் கட்டில். துறைமுகத்துக் கிட்டங்கியில் தேயிலைப் பெட்டிகளுக்குக் கறுப்பு மையால் குறி எழுதுகிற வேலை. கப்பல் ஏறி எங்கெங்கோ போகிற பெட்டிகள். எழுதுகிறவன் மட்டும் எங்கேயும் போனதில்லை. மாதத்தில் ஒரு ராத்திரியாவது பிள்ளைகளின் கால் முகத்தில் விழாமல், தனியாக, வேறொரு கடலோரத்தில் தூங்க வேண்டும் என்று ஆசை. வாடிவீட்டில் தங்க அவனுடைய சம்பளம் இடம் கொடுக்காது. மூன்றாம் வகுப்பு ரயிலுக்குத்தான் காணும்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. வெள்ளிக்கிழமை சலூனில் ஓசிப் பேப்பர். அதில் மரண அறிவித்தல். கிறிஸ்தவ வீடாக இருக்க வேண்டும், ராத்திரி முழுக்க முழிப்பார்கள். கடலோரமாக இருக்க வேண்டும். செத்தவர் வயசாளியாக இருக்க வேண்டும். இளவயதுச் சாவென்றால் ஒப்பாரியில் தூங்க முடியாது. அடக்கம் ஞாயிறு பின்னேரமாக இருந்தால் இன்னும் விசேஷம். கறுப்புக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு போய், கைலேஞ்சியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்துவிடுவான். கோப்பி வரும், பிஸ்கட் வரும், சுருட்டுத் தட்டு வரும். நடுச்சாமத்தில் யாராவது ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து போடுவார்கள். செத்த வீட்டில் பேசாமல் இருக்கிறவனை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. அவனும் நேர்மையானவன்தான். செத்தவருக்காக ஒரு முழுச் செபமாலையை உருட்டிவிட்டுத்தான் படுப்பான். காலையில் கடலில் ஒரு குளிப்பு, அடுத்த ரயில். நீர்கொழும்பு, களுத்துறை, பாணந்துறை எல்லாம் இப்படித்தான் பார்த்தான்.

அன்றைக்குச் செத்திருந்தது புளோறன்ஸ் என்கிற கிழவி. கலியாணம் கட்டாதவள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் ஹியூபேட்டுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. ஆள் இல்லை. பெட்டி, தலைமாட்டில் இரண்டு மெழுகுதிரி, ஓடிக்கொலோன் வாசம், அதற்கு அடியில் களப்புச் சேற்றின் வாசம். செத்தவளின் பெறாமகள், தமக்கையின் மகள் ஒருத்தி மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கொழும்பில இருந்தோ?"

அவன் நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தான். அவனுடைய வழக்கமான பதில் அது.

"சின்னம்மா சொல்லிக்கொண்டே கிடந்தா. 'கொழும்பில இருந்து ஒரு பிள்ளை வரும், அதுக்குக் கட்டிலைக் குடு' எண்டு. நான் புலம்புறா எண்டு நினைச்சன்... வாங்கோ தம்பி, கோப்பி குடியுங்கோ."

பாய் இல்லை அன்றைக்கு. புளோறன்ஸ் செத்த கட்டிலையே விரித்துக் கொடுத்தாள். வெள்ளைத் துப்பட்டி, இலவம்பஞ்சுத் தலையணை, ஜன்னலுக்கு அப்பால் கடல். ஹியூபேட் தன் ஆயுளில் அப்படித் தூங்கியதில்லை. ஒரேயொரு தரம்தான் விழிப்பு வந்தது. தலையணையின் மற்றப் பாதி... சூடாக இருந்தது.

காலையில் புறப்பட்டான். செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் இல்லை. மற்ற வீடென்றால் 'போயிட்டு வாறன்' என்று சொல்லாமல் படி இறங்கமாட்டோம். செத்த வீட்டில் அதைச் சொன்னால் என்ன அர்த்தம்? திரும்பவும் ஒரு சாவுக்கு நாள் குறிக்கிற மாதிரி. அதனால் எழும்பிப் பேசாமல் நடக்க வேண்டும். ஹியூபேட் இதில் தவறுகிறவனே அல்ல. பெட்டிக்கு முன்னால் சிலுவை போட்டான், திரும்பினான், வாசலைத் தாண்டினான்.

"போயிட்டு வாறன்."

தெளிவான ஆம்பிளைக் குரல். வீட்டில் ஆம்பிளை என்று இருந்தது ஹியூபேட் ஒருவன்தான்.

பெறாமகளின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. "ஐயோ தம்பி! என்ன சொல்லிப்போட்டீங்கள்!"

அவன் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். யார் நம்புவது?

"சொன்னது சொன்னதுதான். நீங்கள் வரவேணும். வராட்டி அவ அங்க வருவா."

அன்றைக்குக் கடல்குளிப்பும் இல்லை. ஓட்டமாக ஓடி ரயிலைப் பிடித்தான்.

அடுத்த சனிக்கிழமை. கொட்டாஞ்சேனை. கிட்டங்கியில் வேலை பிந்தி, ஹியூபேட் அங்கேயே சாக்குகளின் மேல் படுத்துவிட்டு விடியத்தான் வந்தான். மேபல் குசினிக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ராவு ஆர் கோப்பி போட்டுக் குடிச்சது? கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் வைச்சிருக்கு! இந்த வீட்டில கோப்பை கழுவுற சாதி ஆர் இருக்கு?"

விறாந்தையில் அவனுடைய கான்வாஸ் கட்டில். நடுவில் ஒரு ஆளின் அளவுக்குப் பள்ளம். சின்ன ஆள். கட்டிலுக்குக் கீழே ஈர மணல். குனிந்து மோந்து பார்த்தான்... ஓடிக்கொலோன். அதற்கு அடியில் சேறு.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் தரையில் பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். நடுச்சாமத்தில் கான்வாஸ் மெல்ல முனகியது... ஒருவர் இருந்து, காலைத் தூக்கி வைத்து, சரிகிற முனகல். பிறகு மணி உருட்டுகிற சத்தம். டிக்... டிக்... டிக்... யாருக்காகவோ ஒரு முழுச் செபமாலை. விடிகிற நேரம் கட்டில் நிமிர்ந்தது. கேற் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

பேதுருவுக்கு எல்லாம் பகிடி. பல்லை விளக்கிக்கொண்டே கேட்டான்: "என்ன மச்சான், ஒளிச்சு ஒளிச்சு ஆரைக் கூட்டிக்கொண்டு வாறாய்? வாறதும் தெரியேல்ல, போறதும் தெரியேல்ல. ஒரு வார்த்தை சொல்லாமப் போறதுக்கு இது என்ன செத்த வீடோ?"

பேதுரு சிரித்தான். ஹியூபேட் கான்வாஸ் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

யோசித்துப் பாருங்கள். வந்தவள் முறை தெரிந்தவள். கோப்பி குடித்தாள், செபமாலை சொன்னாள், படுத்தாள், பேசாமல் எழும்பிப் போனாள். ஹியூபேட் அத்தனை வீட்டிலும் செய்ததை அப்படியே செய்தாள். அப்படியென்றால் அவள் வந்தது எப்படிப்பட்ட வீட்டுக்கு? அறிவித்தல் அவளுக்கு முந்திக் கிடைத்துவிட்டதா? உள்ளே மேபல் நிறைமாதம். அன்று காலையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேதுருவிடம் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தாள்.

மூன்றாம் சனிக்கிழமை ஹியூபேட் ரயில் ஏறினான். கழுத்துப்பட்டி கட்டவில்லை. மேபல் படுக்கையில் கிடந்தபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் ஊர் சுத்தவோ வெளிக்கிடுறாய்? அக்கா பிழைச்சா வந்து பார், என்ன?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

அதே ஸ்டேஷன். அதே மணல் ரோட்டு. இந்த முறை பின்னால் சத்தமே இல்லை. அதுதான் இன்னும் கெட்டது. களப்பில் தவளைகூடக் கத்தவில்லை. பெறாமகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"வருவீங்கள் எண்டு தெரியும். கட்டில் விரிச்சுக் கிடக்கு. சின்னம்மாவும் இண்டைக்கு வெளிக்கிடேல்ல, வீட்டிலதான்."

அந்த இரவை ஹியூபேட் கண்ணை மூடாமல் கழித்தான். கட்டிலின் இந்த விளிம்பில் அவன். அந்த விளிம்பில்... துப்பட்டி ஏறி இறங்கியது. மெதுவாக. மூச்சு விடுகிற மாதிரி. திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மணியை உருட்டினான். ஒரு மணி தள்ளி இன்னொரு கை உருட்டியது. முழு இரவும் மேபலுக்காகவே உருட்டினான். அந்தக் கை யாருக்காக உருட்டியதோ தெரியாது.

விடிந்ததும் எழும்பினான். கைலேஞ்சியை மடித்து வாயைச் சுற்றிப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டான். அதற்கு மேல் இரண்டு கையையும் பொத்திக்கொண்டான். வாசலைத் தாண்டினான். ஒரு சத்தமும் இல்லை. படி இறங்கினான். இல்லை. மணலில் கால் வைத்தான். தப்பிவிட்டேன் என்று நெஞ்சு நிறைய ஒரு மூச்சு...

"போயிட்டு வாறன்."

அவனுடைய காதுக்குப் பக்கத்தில். அதே குரல். பெறாமகள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, வழக்கமான விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஓம், வாங்கோ."

கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது பேதுரு கேற்றடியில் நின்று அழுதுகொண்டே சிரித்தான். பெண்பிள்ளை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். கான்வாஸ் கட்டில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினது போலக் கிடந்தது.

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஹியூபேட் அங்கே போகிறான். ஒரு மாதம் காய்ச்சலில் போகாமல் விட்டான். அன்று இரவே குசினியில் கோப்பை கழுவப்பட்டது, விடிய அந்தக் குழந்தை மூச்சுக்குத் திணறியது. அதற்குப் பிறகு தவறவிட்டதில்லை. கடலோரம், தனிக் கட்டில், கோப்பி, தங்க ஒரு சதம் செலவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஆள் மட்டும் ஈர்க்குப் போல ஆகிவிட்டான்.

என்ன பௌஸி? வாயை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கலாம் என்கிறாயா?

ஹியூபேட் பிறவி ஊமை.