ராத்தாவுக்கு ஆகும் சாமான்கள்

என் எழுத்து அழகானது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் அதற்கு வேலை இல்லாமல் இருந்தது. என் அக்கா நபீலா ராத்தாவின் நோய்தான் வேலை தந்தது.

எண்பத்தோராம் வருடம் கொழும்பு டாக்டர் சொன்னார்: ராத்தாவின் குடலுக்குக் கோதுமை துளியும் ஆகாது. பாண், ரொட்டி மட்டுமல்ல, உதட்டில் பூசுவதும் வயிற்றுக்குத்தான் போகும். கோதுமையைக் குறிக்கும் இங்கிலீசுச் சொற்களை என் கொப்பியில் எழுதித் தந்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் பவுடர், கிறீம், லிப்ஸ்டிக் எல்லாவற்றையும் நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். கோதுமை மா இருந்த தகரப் பேணிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியையும் வைத்துக்கொண்டேன். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கும் என்னை அப்போதுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“ஹாஜறா, இதப் பாரு புள்ள. பூசலாமா?”

நான் “ஓம்” என்றால்தான் ராத்தா பூசுவாள்.

இரண்டு வருடத்தில் ராத்தா தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. ஹமீட் மச்சானுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். அவர் சவூதியிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பூச்சுச் சாமான் அனுப்பினார். எல்லாவற்றையும் தானே வாசித்துப் பார்த்து வாங்கியதாகக் கடிதம் வைத்திருந்தார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார்.

உம்மா சிரித்தா. “இனி உன்ட கொப்பிய அடுப்புல வை. வாசிக்க மாப்புள வாறார்.”

ராத்தாவும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பிறர் வாசித்ததை எப்படி நம்புவது என்றுதான் யோசித்தேன். “வெளிச் சாமான் வேணாம் ராத்தா, நானே செஞ்சு தாறன்” என்றேன். தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் உருக்கிச் சிவப்பு சேர்த்து, ஒரு டப்பியில் ஊற்றினேன். இறுகுவதற்குக் கொஞ்சம் மா வேண்டியிருந்தது. சம்மாந்துறை அரிசிமாவும் வீட்டில் இருந்தது. ஆனால் அது நறநறக்கும். பேணியைத் திறந்து கோதுமை மாவை எடுத்து, துணியில் மூன்று தரம் சலித்தேன்.

“நீ செஞ்சா பயமில்ல” என்றாள் ராத்தா. பூசிய உதட்டை நக்குவது அவள் பழக்கம்.

கலியாணம் இரண்டு தரம் தள்ளிப்போனது. போன மாதம் மாப்பிள்ளை வீட்டார் பெட்டியைத் திருப்பிக் கேட்டார்கள். ராத்தா இப்போது பாயை விட்டு எழுவதில்லை. எல்லாச் சாமானையும் திரும்ப வாசிக்கும்படி உம்மா அழுதபடி கேட்டா. வாசித்தேன். ஒன்றிலும் பிழை இல்லை என்றேன். அது உண்மை.

இன்று காலை ராத்தா வெடித்த உதட்டைத் தொட்டுக் காட்டினாள். “டப்பி முடிஞ்சி போச்சு புள்ள.”

மெழுகு உருகிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அவளை நம்பி வேறு யார் கையில் விடுவது?